ஆறு லிட்டர் பெட்டிக்குள் ஆழமான பாஸ்

ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒரு சுவரோரம் சோபா, எதிர்ச் சுவரில் டிவி, மிச்சமிருக்கும் மூலையில் துணி மடிக்கிற கட்டிலோ பிள்ளைகளின் படிப்பு மேசையோ. சென்னையில் வாடகை ஃப்ளாட்டில் இருக்கும் பாதிப்பேர் வீடு இப்படித்தான். இதற்குள் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வைக்க வேண்டும், டப்பா பெரிதாக இருக்கக் கூடாது, ஆனால் பாஸ் நன்றாக இறங்கிக் கேட்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்பார்கள். கேட்கும்போதே பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "சின்ன பாக்ஸ்ல பாஸ் வராதுன்னு தெரியும், இருந்தாலும் கேக்குறேன்."

வரும் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கல்யாண மண்டபம் அதிர்கிற சத்தத்தில் வராது. வீட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரோடு பேசவும் முடிகிற சத்தத்தில் பாட்டு கேட்பவருக்கு, 5 இன்ச் ஊஃபரும் (பாஸ் கொடுக்கும் ஸ்பீக்கர்) ஆறு லிட்டர் பெட்டியும் 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கிக் கொடுக்கும். விலையாக நாம் தர வேண்டியது சத்தத்தை மட்டும்தான். அந்தச் சத்தம் சின்ன ஹாலில் நமக்குத் தேவையும் இல்லை.

முதலில், எவ்வளவு ஆழம் வேண்டும் என்று பார்த்துவிடலாம். பாஸ் கிட்டாரின் தடித்த தந்தியைத் திறந்த நிலையில் மீட்டினால் சுமார் 41 ஹெர்ட்ஸ். ஒரு கட்டை ஸ்ருதியில் பாடும் ஆண் பாடகருக்குப் போடும் தம்புராவில் மந்தர ஸட்ஜம் 65 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். கிக் டிரம்மின் அடி பெரும்பாலும் 50க்கும் 80க்கும் நடுவில் விழும். இளையராஜா பாடல்களின் பாஸ் கிட்டார் ஓட்டங்கள், ரோஜாவுக்குப் (1992) பிறகு ரஹ்மான் கொண்டுவந்த சிந்தசைஸர் பாஸ், கச்சேரிப் பதிவுகள் என்று நம் வீட்டில் ஓடும் இசையில் அநேகமாக எல்லாமே 40 ஹெர்ட்ஸுக்கு மேலே நின்றுவிடுகிறது. 20 ஹெர்ட்ஸ் வரை போவது சினிமாவில் குண்டு வெடிக்கவும் பூமி பிளக்கவும் வேண்டியது. அதற்குப் பெரிய சப் ஊஃபரும் தனி வீடும் வேண்டும். அந்தப் பக்கம் நான் போகவில்லை.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மலிவான 5.1 செட்டுகளில் பாஸ் என்ற பெயரில் கேட்கிற "டும் டும்" ஆழமான பாஸ் அல்ல. பெட்டியை 80, 90 ஹெர்ட்ஸில் எம்பும்படி விட்டிருப்பார்கள். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுரம் கேட்கும். பாஸ் கிட்டார்காரர் படி இறங்கிப் போகிறாரா, ஒரே இடத்தில் நிற்கிறாரா என்று அதில் தெரியாது. நல்ல பாஸுக்கு என் முதல் பரிசோதனையே இதுதான்: கூடவே முணுமுணுக்க முடிகிறதா? முடிந்தால் சுரம் கேட்கிறது. முடியாவிட்டால் கேட்பது வெறும் இடி.

இப்போது காரணத்துக்கு வருவோம். ஸ்பீக்கர் என்பது காற்றைத் தள்ளும் ஒரு காகிதக் கூம்பு. ஒரே அளவு சத்தத்தோடு ஒரு ஸ்தாயி கீழே இறங்க, அந்தக் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்பின் நகர வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும் என்றால், 40இல் 4 மில்லிமீட்டர், 20இல் 16. ஒரு 5 இன்ச் ஊஃபரால் ஏறக்குறைய 4, 5 மில்லிமீட்டர்தான் ஒழுங்காக நகர முடியும். இது முதல் தடை. இரண்டாவது தடை பெட்டிக்குள் இருக்கும் காற்று. மூடிய பெட்டியில் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங். பெட்டி சிறிதாகச் சிறிதாக ஸ்பிரிங் விறைக்கிறது, கூம்பின் இயல்பான அதிர்வு மேலே ஏறுகிறது. திறந்த வெளியில் 50 ஹெர்ட்ஸில் அதிர்கிற ஊஃபர் சின்னப் பெட்டிக்குள் போனதும் 90க்குப் போய்விடும். அதற்குக் கீழே ஒரு ஸ்தாயிக்கு 12 டெசிபல் என்று சரிந்துகொண்டே இருக்கும்.

இந்தக் காற்று ஸ்பிரிங்கை எதிரியாகப் பார்க்காமல் வேலைக்கு எடுத்துக்கொண்டவர் எட்கர் வில்ச்சர். 1954இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், கேம்பிரிட்ஜ் நகரில், ஹென்றி க்ளாஸ் என்பவரோடு சேர்ந்து அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அதுவரை நல்ல பாஸ் வேண்டும் என்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வைத்துக்கொள்வதுதான் வழக்கம். வில்ச்சர் ஊஃபரின் விளிம்பை வேண்டுமென்றே தளர்வாகச் செய்தார். கூம்பை இழுத்துப் பிடிக்கும் வேலையைப் பெட்டிக்குள் இருக்கும் காற்றிடம் கொடுத்தார். துணி, காகித விளிம்புகளை விடக் காற்று ஒரு சீரான ஸ்பிரிங் என்பதால் பாஸ் சுத்தமாக வந்தது. பெட்டியும் அலமாரியில் வைக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அவருடைய முதல் மாதிரியான ஏஆர்-1 கேட்ட வாட்டுக்கு, அந்தக் காலத்துச் சிறிய ஆம்ப்ளிஃபயர்கள் திணறின. அதே வாட்டுக்குப் பெரிய பெட்டியை விடக் குறைவான சத்தம்தான் அது கொடுத்தது. வில்ச்சர் அந்த விலையைத் தெரிந்தே கொடுத்தார்.

அவரோடு வேலை பார்த்த ஜே. ஆண்டன் ஹாஃப்மன், 1957இல் க்ளாஸ், மால்கம் லோ ஆகியோரோடு பிரிந்துபோய் கேஎல்எச் கம்பெனியைத் தொடங்கினார். அந்தப் பெயரில் மூன்றாவதாக வரும் எச் இவருடையது. இவர் பெயரில்தான் ஸ்பீக்கர் செய்பவர்கள் எல்லோரும் சொல்லும் இரும்பு விதி நிற்கிறது. சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த வாட்டில் நிறைய சத்தம் — மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். இன்றுவரை யாராலும் இதை மீற முடியவில்லை. கைக்கு அடக்கமான ப்ளூடூத் ஸ்பீக்கரில் பாஸ் வருகிறதே என்றால், அதுவும் மூன்றாவதைக் கைவிட்டுத்தான் வருகிறது. மெல்லக் கேட்கும்போது உள்ளே இருக்கும் சிப் பாஸைத் தூக்கிக் கொடுக்கும். சத்தத்தைக் கூட்டக் கூட்ட பாஸைச் சத்தமில்லாமல் குறைத்துக்கொள்ளும். முழுச் சத்தத்தில் வைத்துப் பாருங்கள், பாட்டு மெலிந்து போயிருக்கும்.

வில்ச்சர் காலத்தில் வாட் என்பது காசு. வால்வு ஆம்ப்ளிஃபயரில் ஒவ்வொரு வாட்டும் எடையும் சூடும் செலவும். இன்று சென்னை ரிச்சி தெருவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 சிப் வைத்த ஒரு போர்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சரியான பவர் சப்ளை கொடுத்தால் ஒரு பக்கத்துக்கு 50 வாட் வரை தருகிறது, உள்ளங்கை அளவில். வாட் மலிந்த காலத்தில் திறனை இழப்பது பெரிய இழப்பே அல்ல. இது புரிந்த அன்று சின்னப் பெட்டி மேல் எனக்கிருந்த சந்தேகம் தீர்ந்தது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கணக்கு பிடிக்காதவர்களும் இந்த ஒரு பத்தியை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961லும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் கொடுத்த சூத்திரங்களால், ஊஃபரின் மூன்று எண்கள் தெரிந்தால் பெட்டியில் போடுமுன்பே அது எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லிவிடலாம். ஒரு சாதாரண 5 இன்ச் ஊஃபரை எடுத்துக்கொள்வோம்: இயல்பு அதிர்வு 50 ஹெர்ட்ஸ், மொத்த க்யூ (அதிர்வு எவ்வளவு அடங்கி நிற்கிறது என்பதன் அளவு) 0.4, சம காற்றளவு (கூம்பின் விறைப்புக்குச் சமமான ஸ்பிரிங்காக நிற்கும் காற்று) 12 லிட்டர். இதை ஆறு லிட்டர் மூடிய பெட்டியில் போட்டால் அதிர்வு 87 ஹெர்ட்ஸுக்கு ஏறும். 40 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 14 டெசிபல் குறைந்திருக்கும். சரி, பெட்டியை இரண்டு மடங்காக்கி 12 லிட்டர் ஆக்கினால்? 40 ஹெர்ட்ஸில் கிடைக்கும் லாபம் சுமார் 2 டெசிபல். ஹாலில் இரண்டு மடங்கு இடத்தைக் கொடுத்து வாங்குவது அவ்வளவுதான். அந்த 2 டெசிபலை ஈக்வலைசரில் ஒரு விரல் அசைவில் வாங்கிவிடலாம்.

14 டெசிபலையும் அப்படியே வாங்க முடியுமா? 14 டெசிபல் என்றால் வாட்டில் 25 மடங்கு. பயமாகத்தான் இருக்கும். ஆனால் கூம்பின் எல்லையைக் கணக்கில் வைத்தால், 85 சதுர செ.மீ. பரப்பும் 5 மில்லிமீட்டர் ஓட்டமும் உள்ள ஊஃபர், சுவரோரம் வைத்த நிலையில், ஒரு மீட்டரில் 40 ஹெர்ட்ஸை 85 டெசிபல் வரை கொடுக்கும். அதற்குச் சுமார் 30 வாட் ஆகும். இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்தால் 90 டெசிபலைத் தாண்டும். வீட்டில் நாம் கேட்கும் சராசரி 70, 75 டெசிபல். இடைவெளி தாராளமாக இருக்கிறது. இந்தக் கணக்கில் அறை செய்யும் உதவியை இன்னும் சேர்க்கவே இல்லை.

இப்படிச் சரிவை நிமிர்த்துவதற்கென்றே ஒரு சுற்று உண்டு. ஹியூலட்-பக்கார்டில் அளவுக் கருவிகள் வடிவமைத்த சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸின் பெயரில் அதை லிங்க்விட்ஸ் டிரான்ஸ்ஃபார்ம் என்பார்கள். மூடிய பெட்டியின் சரிவு எளிமையானது, முன்கூட்டியே தெரிந்தது. அதனால் அதற்கு நேர் எதிரான ஏற்றத்தை மின்சுற்றிலோ டிஎஸ்பி என்ற டிஜிட்டல் சிப்பிலோ போட்டுச் சமன் செய்கிறது அந்தச் சுற்று. கணினியிலிருந்து பாட்டு போடுபவர்களுக்கு ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளே போதும். ஒரே ஒரு கட்டாயம்: 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் ஒன்றை மறக்காமல் போடுங்கள். காதுக்குப் பெரிதாகக் கேட்காத ஆழத்தில் கூம்பு வீணாகக் குதித்து ஓட்டத்தைத் தின்றுவிடக் கூடாது.

"பெட்டியில ஒரு ஓட்டை போட்டு பைப் வச்சா பாஸ் வருமே?" என்று உடனே கேட்பார்கள். வரும், பெரிய பெட்டியில். ஓட்டைக்குள் இருக்கும் காற்றும் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட சுரத்தில் அதிரும். ஊஃபர் சிரமப்படும் இடத்தில் அந்த ஓட்டை உதவிக்கு வரும். ஆனால் ஆறு லிட்டரை 45 ஹெர்ட்ஸுக்கு இசைக்க, 5 செ.மீ. அகல பிவிசி பைப் எவ்வளவு நீளம் வேண்டும் என்று போட்டுப் பார்த்தேன்: 45 செ.மீ. பெட்டியை விடப் பைப் நீளம்! அதுவே பெட்டியில் கிட்டத்தட்ட ஒரு லிட்டரைத் தின்றுவிடும். பைப்பை ஒல்லியாக்கி 2.5 செ.மீ. எடுத்தால் 10 செ.மீ. நீளம் போதும், ஆனால் அவ்வளவு காற்றும் அந்தச் சந்தில் பாயும்போது "புஸ் புஸ்" என்று பாட்டுக்கு மேல் கேட்கும். போதாததற்கு, இசைத்த சுரத்துக்குக் கீழே ஓட்டைப் பெட்டி ஸ்தாயிக்கு 24 டெசிபல் சரியும். கூம்பைப் பிடித்து நிறுத்த ஸ்பிரிங்கும் இருக்காது. ஈக்வலைசரில் தூக்க முயன்றால் ஊஃபர் போய்விடும். மூடிய பெட்டியைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன்.

ஓட்டைக்கு மாற்று ஒன்று இருக்கிறது: பாஸிவ் ரேடியேட்டர். காந்தமும் சுருளும் இல்லாத வெறும் கூம்பு. ஊஃபர் உள்ளே தள்ளும் காற்றில் இது ஆடும். பைப்பில் அடைபட்ட காற்றின் எடை செய்யும் வேலையை இந்தக் கூம்பின் எடை செய்கிறது. இன்னும் ஆழமாக இசைக்க வேண்டுமா, நடுவில் ஒரு வாஷரை ஒட்டிக் கனத்தைக் கூட்ட வேண்டும். மிருதங்கக் கலைஞர் கச்சேரிக்கு முன் இடப்பக்கத் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புகிறாரே, அதே வேலை. கனம் கூடினால் தோல் மெதுவாக அதிரும், நாதம் கீழே இறங்கும். ரவை எவ்வளவு என்பதைக் காதுதான் சொல்லும். சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர்களின் இரண்டு பக்கத்திலும் துடிக்கும் வட்டங்கள் இவைதான். எதிரெதிராக வைப்பதால் பெட்டி மேசையில் நகராது. நல்ல வழிதான். ஆனால் தனியாக வாங்கிச் செய்ய நினைத்தால் சரியான எண்களோடு கிடைப்பது கடினம்.

பானையையும் சொல்ல வேண்டும். ஊர்ப் பக்கம் மண்பானை வாயில் ஊஃபரைக் கவிழ்த்து வைத்துப் பாட்டு கேட்ட வீடுகள் உண்டு. அதை வேடிக்கையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் மரியாதைதான். வளைந்த சுவர் மரப்பலகையைப் போல அதிராது, விலையும் சொற்பம். வாயைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைத்தால் அது ஒரு நல்ல மூடிய பெட்டி.

பெட்டி போதும், அறைக்கு வருவோம். பாஸில் பாதி வேலையைச் செய்வது அறைதான்.

40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை எட்டரை மீட்டருக்கு மேல் நீளம். நம் ஹாலின் நீளமோ 12 அடி. அலை அறைக்குள் முழுதாக நிற்கவே முடியாது. அறை முழுவதும் காற்றழுத்தம் ஒன்றாக ஏறி இறங்கும். அறை சிறிதாக இருப்பது இங்கே லாபம்: ஆழமான பாஸ் தானாகத் தூக்கப்படுகிறது. மூடிய பெட்டி மெதுவாகச் சரியும் இடமும் அறை தூக்கிக் கொடுக்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றே. காகிதத்தில் 14 டெசிபல் குறைகிற என் பெட்டிக்கு, சுவரோரம் தள்ளி வைத்த பிறகு 6 டெசிபல் தூக்கினாலே காதுக்கு நிறைந்துவிட்டது. வாட்டில் நான்கு மடங்குதான்.

நம் வீடுகளுக்கென்று இன்னொரு குணமும் இருக்கிறது. அமெரிக்கர்கள் எழுதும் ஆலோசனைகளைப் படித்துவிட்டு நம் ஹாலில் செய்து பார்த்தால் பொருந்தாது. அவர்கள் வீட்டுச் சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. அது பாஸுக்கு லேசாக ஆடிக்கொடுக்கும், கொஞ்சத்தை விழுங்கும், கொஞ்சத்தை வெளியே விடும். நமக்குச் செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. போன பாஸ் அப்படியே திரும்பி வரும். அதனால் நமக்குப் பாஸ் குறைவு என்பது பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. ஒரு சில சுரங்களில் மட்டும் அது பொங்கி வழிவதுதான் பிரச்சினை. எந்தச் சுரங்கள் என்று டேப் வைத்து அளந்தே சொல்லிவிடலாம். 12 அடி நீளத்துக்கு முதல் தேக்கம், அதாவது எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் அலை மோதி நின்று ஓங்கும் முதல் சுரம், சுமார் 48 ஹெர்ட்ஸ். 10 அடி அகலத்துக்கு 57. கூரை உயரமும் 10 அடி என்றால் அதுவும் 57. இரண்டும் ஒரே இடத்தில் விழுவதால் அந்தச் சுரம் இரண்டு பங்கு வீங்கும். பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் பாஸ் "கும்"மென்று ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் ஸ்பீக்கரைத் திட்டுவதற்கு முன் கூரையைப் பாருங்கள்.

இந்தத் தேக்கங்கள் சுவரோரம் உச்சத்திலும் அறை நடுவில் பூஜ்யத்திலும் இருக்கும். சின்ன ஹாலில் சோபா எப்போதும் சுவரை ஒட்டித்தான் இருக்கும்; ஆகவே உட்கார்ந்திருப்பவர் காதுக்கு வீக்கம் முழுதாக வரும். அதே நேரம் எழுந்து நடுவில் நின்றால் பாஸ் காணாமல் போகும். ஃபோனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப்பைப் போட்டு, ஸ்பீக்கர் வழியாக 30இலிருந்து 100 வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். எங்கே திடீரென்று ஓங்குகிறது என்று காதே சொல்லும். அந்த இடத்தில் ஈக்வலைசரில் குறுகலாக 5, 6 டெசிபல் இறக்குங்கள். சில சுரங்கள் உள்வாங்கியும் போகும். அவற்றைத் தூக்க வேண்டாம். அங்கே அலையும் எதிரலையும் ஒன்றையொன்று அழிக்கின்றன. எவ்வளவு ஊற்றினாலும் நிரம்பாது, ஆம்ப்ளிஃபயர் மட்டும் சூடாகும். சோபாவை அரை அடி நகர்த்துவதும் ஸ்பீக்கரை ஒரு சாண் தள்ளி வைப்பதும்தான் மருந்து.

டோன் ஓட்டும்போது வீட்டில் எதெல்லாம் நடுங்குகிறது என்றும் தெரிந்துவிடும். பீரோ கதவு ஒரு சுரத்துக்கு, ஷோகேஸ் கண்ணாடி இன்னொன்றுக்கு, பரணில் இருக்கும் எவர்சில்வர் அண்டா வேறொன்றுக்கு. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிற பல பேருடைய வீட்டில் கிழிந்தது ஸ்பீக்கராக இருக்காது. ஜன்னல் கிரில்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு துண்டு ரப்பர் வைத்தால் பாஸ் சட்டென்று சுத்தமாகும்.

காதைப் பற்றியும் இரண்டு விஷயம். மெல்லிய சத்தத்தில் நம் காது பாஸை மிகக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து வரைந்துவிட்டார்கள். 40 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழவே 50 டெசிபல் வேண்டும். நடு ஸ்தாயிக்கு அது பேச்சுச் சத்தத்துக்கு அருகில். இரவில் சத்தத்தைக் குறைத்ததும் பாட்டு சப்பென்று ஆவது இதனால்தான். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் "லவுட்னெஸ்" என்று ஒரு பட்டன் இருக்கும்; மெல்லக் கேட்கும்போது பாஸைத் தூக்குவதற்கு. இப்போதைய தயாரிப்பாளர்கள் பலர் அதை எடுத்துவிட்டது எனக்கு வருத்தம். சின்ன ஸ்பீக்கருக்கு அதைப் போலத் துணை வேறில்லை: மெல்லக் கேட்கும்போது ஊஃபருக்கு ஓட்டம் நிறைய மிச்சமிருக்கும், அப்போதுதான் காதுக்கும் பாஸ் அதிகம் தேவைப்படும். ஈக்வலைசரில் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று இரண்டு அமைப்பு சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இல்லாத அடிச்சுரத்தையும் காது கேட்கும். பழைய டெலிஃபோன் லைன் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அனுப்பாது. ஆனாலும் 100 ஹெர்ட்ஸில் பேசும் அப்பாவின் குரல் அப்பாவின் குரலாகவே கேட்டது. மேலே இருக்கும் மடங்குச் சுரங்களின் இடைவெளியை வைத்து மூளை அடியைக் கட்டிக்கொள்கிறது. பிபிசி 1970களில் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கர் ஐந்து லிட்டர் அளவுதான். அது உண்மையில் அதிகம் இறங்காது. ஆனால் 100 ஹெர்ட்ஸை ஒட்டி லேசாக மேடுவிட்டு, அதற்கு மேலே எல்லாவற்றையும் அவ்வளவு சுத்தமாகக் கொடுக்கும். கேட்பவர் பாஸ் போதவில்லை என்று நினைப்பதில்லை. இதை ஏமாற்று என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாஸ் கிட்டாரின் பலமே பெரும்பாலும் இரண்டாவது மடங்கில், 82 ஹெர்ட்ஸில்தான் இருக்கிறது. அந்த இடத்தைக் கலங்காமல் கொடுப்பது, 40ஐக் கலங்கலாகக் கொடுப்பதை விட எவ்வளவோ மேல்.

செய்ய நினைப்பவர்களுக்குப் பெட்டி பற்றிச் சுருக்கமாக. உள்ளளவு 15, 18, 22.5 செ.மீ. வைத்தால் ஆறு லிட்டர். மூன்றும் வேறு வேறாக இருப்பது முக்கியம். 18 மில்லிமீட்டர் ப்ளைவுட், நடுவில் ஒரு குறுக்குக் கட்டை. எம்டிஎஃப் செதுக்க எளிது, ஆனால் சென்னை மழைக்கால ஈரத்தில் விளிம்பு ஊதும். உள்ளே ரெக்ரான் பஞ்சைத் திணிக்காமல் உதிரியாக நிரப்பினால் பெட்டி கொஞ்சம் பெரிதானதைப் போல நடந்துகொள்ளும். ஊஃபர் வாங்கும்போது "எத்தனை வாட்" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள்; அந்த மூன்று எண்கள் அச்சிட்ட தாள் இல்லாத ஊஃபரை வைத்துக் கணக்கு போட முடியாது.

பெட்டி செய்து கொடுத்த ஆசாரி அளவைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ குட்டிப் பொட்டிக்கு எதுக்கு சார் பதினெட்டு எம்எம்?" என்றார். உள்ளே காற்று எவ்வளவு முட்டும் என்று சொன்னேன். ஊஃபரை மாட்டியதும், "அண்ணே, கூம்பை விரலால மெதுவா அமுக்கி விடுங்க" என்றேன். அமுக்கினார், பட்டென்று திரும்பியது. எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஒயர் வரும் துளையில் எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு மறுபடி அமுக்கச் சொன்னேன். இந்த முறை கூம்பு தயங்கித் தயங்கி, மெல்ல எழுந்து வந்தது. "உள்ள மூச்சு நிக்குது சார்" என்றார். மூடிய பெட்டிக்கு இதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தெரியாது.

கடைசியாக அக்கம்பக்கம். ஃப்ளாட்டில் இதை யோசிக்காமல் பாஸைப் பற்றிப் பேசவே கூடாது என்பது என் எண்ணம். பாடுபவரின் குரல் சுவரைத் தாண்டாது; பாஸ் தாண்டும். ஸ்பீக்கரைச் சுவரில் அறைந்த பலகையில் வைத்தால் கான்கிரீட் வழியாக நேரே கீழ்வீட்டுக் கூரைக்குப் போகும். நுரை ரப்பர் துண்டுகள் மேல் வைத்தால் அந்த வழி ஓரளவு அடைபடும். காற்று வழியாகப் போவது போகத்தான் செய்யும்.

கீழ் வீட்டு அக்காவிடம் நானே போய்க் கேட்டேன். "ராத்திரி பாட்டு எல்லாம் கேக்கல தம்பி, ஆனா இடையில இடையில கூரை மேல யாரோ உரல்ல இடிக்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வருது" என்றார். அவர் அனுமதியோடு, மேலே வழக்கமான சத்தத்தில் பாட்டை ஓடவிட்டுக் கீழே அவர் படுக்கையறையில் நின்று கேட்டேன். மற்ற சுரங்கள் எதுவும் இறங்கவில்லை. 57 ஹெர்ட்ஸைத் தொடும் அடிகள் மட்டும் தெளிவாக விழுந்தன. என் ஹாலில் எது வீங்கியதோ அதுவே அவர் கூரையிலும் விழுந்தது. மேலே வந்து அந்தச் சுரத்தில் 6 டெசிபல் இறக்கினேன், இரவு அமைப்பில் இன்னும் 3 டெசிபல். என் பக்கம் பாஸ் குறைந்ததாகத் தோன்றவே இல்லை. பாஸ் கிட்டார் ஓட்டத்தில் அதுவரை மூடிக்கிடந்த சுரங்கள் இப்போது ஒவ்வொன்றாகப் பிரிந்து கேட்டன. ஒரு வாரம் கழித்து மாடிப்படியில் பார்த்தபோது அக்காவிடம் கேட்டேன். "இப்பல்லாம் ஒண்ணும் வரல. பாட்டு போடுறதையே விட்டுட்டீங்களா?" என்றார்.